மஞ்சள் கரிசலாங்கண்ணியை அடையாளம் காணுதல்: தொடங்குவோருக்கு ஓர் எளிய விளக்கம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாற்றங்காலில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லிக் கொடுத்த செடியை வாங்கி வந்து, தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் வளர்த்தேன். அது தரையோடு படர்ந்தது, கணுவுக்குக் கணு வேர் விட்டது, மஞ்சளாகப் பூத்தது. கேள்விப்பட்டிருந்த அடையாளங்கள் எல்லாம் பொருந்தியதால் எனக்கு ஐயமே எழவில்லை. இரண்டு மாதம் கழித்து, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் கீரை விற்கும் ஆயா ஒருவரிடம் அதன் கொடியைக் காட்டி, இதுபோல இன்னும் கிடைக்குமா என்று கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. "இது அழகுக்கு வெக்கிற கொடி கண்ணு. பூவ பாத்து ஏமாறாத, எலய பாரு" என்று சொல்லி, தம் கூடையிலிருந்த கொத்து ஒன்றை எடுத்து என் கொடிக்கு அருகில் வைத்தார். இரண்டின் பூக்களும் உடன்பிறந்தவைபோல் இருந்தன. இலைகளோ ஒன்றோடொன்று சிறிதும் ஒட்டவில்லை.

அந்த ஆயா ஒரே வரியில் சொன்னதைத்தான் இக்கட்டுரை சற்று விரித்துச் சொல்கிறது. சூரியகாந்திக் குடும்பத்துச் செடிகளில் பூவைக் கொண்டு குடும்பத்தை அறியலாம். ஆனால் மஞ்சள் கரிசலாங்கண்ணி போன்ற ஒரு குறிப்பிட்ட செடியை அதன் நெருங்கிய உறவினரிடமிருந்து பிரித்தறிய வேண்டுமானால், பூவை விட்டுவிட்டு இலைக்குத்தான் போக வேண்டும். இந்த வரிசை மாறும்போதுதான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வோம். கரிசலாங்கண்ணி என்ற பெயரில் தமிழர்கள் இரண்டு செடிகளை வழங்கி வருகிறோம். வெள்ளைப் பூ பூப்பது ஒன்று. அதன் தாவரவியல் பெயர் எக்லிப்டா புரோஸ்ட்ரேட்டா. அதன் இலையைக் கசக்கினால் சாறு சிறிது நேரத்தில் கருத்துவிடும். அந்தச் சாற்றில் துணியை நனைத்து உலர்த்தி, திரியாக்கி எரித்து, அதன் கரியைக் கொண்டு கண்மை செய்வது நம் வீடுகளின் பழைய வழக்கம். மஞ்சளாகப் பூப்பது மற்றொன்று. அதைத் தாவரவியலார் இப்போது ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா என்கிறார்கள். சித்த மருத்துவ மரபில் அதற்குப் பொற்றலைக் கையாந்தகரை என்று பெயர். ஏழுகிணறு வீராசாமித் தெருவில் பல்லாண்டுகள் வாழ்ந்து, திருவொற்றியூர்க் கோயிலுக்கு நடந்தே போய்வந்த வள்ளலார் இராமலிங்க அடிகள் (1823–1874), கரிசலாங்கண்ணியை நாள்தோறும் உணவில் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர். ஆகவே வடசென்னைக்காரர்களுக்கு இந்தப் பெயர் மருந்துக்கடையில் மட்டும் கேட்கும் பெயர் அன்று.

பொற்றலை என்ற சொல்லில் நின்று சற்று யோசித்தால், இந்தக் குடும்பத்தின் அடிப்படையே விளங்கிவிடும். பொன் போன்ற தலை என்பதே அதன் பொருள். நம் முன்னோர் அதைப் பொற்பூ என்று சொல்லவில்லை, தலை என்றார்கள். இன்றைய தாவரவியலும் சூரியகாந்திக் குடும்பத்தின் பூவைப் பூ என்று சொல்வதில்லை. தலைமஞ்சரி அல்லது சிரமஞ்சரி என்றே சொல்கிறது. மஞ்சரி என்றால் பூங்கொத்து. நாம் ஒரே பூ என்று எண்ணிப் பறிப்பது உண்மையில் பல சிறு பூக்கள் ஒரு தட்டின்மேல் நெருக்கமாக அமர்ந்திருக்கும் கொத்து ஆகும்.

இதை நம்புவதற்கு ஒரு சூரியகாந்திப் பூவை நடுவாக இரண்டாகக் கிழித்துப் பார்ப்பதே போதும். வெளிவிளிம்பில் இதழ்போல நீண்டிருக்கும் மஞ்சள் நாக்கு ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு முழுப் பூ. அதற்குக் கதிர்ச் சிறுமலர் என்று பெயர். நடுவில் பழுப்பாகத் தெரியும் வட்டத்தில் நூற்றுக்கணக்கான குழல்கள் நெருங்கி நிற்கும். அவை ஒவ்வொன்றும் நுனியில் ஐந்து சிறு பிளவுகளைக் கொண்ட வட்டுச் சிறுமலர். இந்தத் தட்டை அடியிலிருந்து தாங்கும் பச்சை நிறச் செதில்களைப் பூவடிச் செதில்கள் என்பார்கள். மற்றப் பூக்களில் புல்லிவட்டம் இருக்கும் இடத்தில் அவை இருப்பதால், தொடங்குவோர் அவற்றைப் புல்லி என்று எண்ணிவிடுவதுண்டு. பூக்கடையில் கட்டித் தரும் சாமந்தியை இந்தப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். மாலைக்கென்று வளர்க்கப்படும் அடுக்குச் சாமந்தியில் கதிர்ச் சிறுமலர்களே பெருகி நிறைந்திருப்பதால், நடுவட்டு கண்ணுக்கு எளிதில் அகப்படாது.

இவ்வளவு தெரிந்துகொண்டாலே, தெருவோரத்து மஞ்சள் பூக்களில் பாதியை விலக்கிவிடலாம். நெருஞ்சியின் பூவும் மஞ்சள்தான், துத்தியின் பூவும் மஞ்சள்தான். ஆனால் அவற்றைக் கையில் எடுத்து நோக்கினால் ஐந்து இதழ்களும், நடுவே ஒரே ஒரு சூலகமும் தெரியும். அவை தனிப் பூக்கள். சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. மாறாக, நாக்குப் போன்ற பல இதழ்கள் சுற்றிலும் நிற்க, நடுவே பொடிக் குழல்கள் மொட்டும் மலர்ச்சியுமாக நிறைந்திருந்தால், அது சூரியகாந்திக் குடும்பம் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம். நடுவட்டில் விளிம்பை ஒட்டிய குழல்கள் முதலில் விரிந்து, மையத்தில் இருப்பவை பின்னர் விரிவதையும் காணலாம். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறு கைவில்லை ஒன்று இருந்தால் இந்தக் காட்சி மறக்க முடியாததாகிவிடும். என் மகளுக்கு இதைக் காட்டிய நாளிலிருந்து அவள் எந்தப் பூவையும் வில்லையின்றிப் பார்ப்பதில்லை.

இந்தக் குடும்பத்திலேயே இரு வேறு அமைப்புகளும் உண்டு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிலவற்றில் வட்டுச் சிறுமலர்கள் மட்டும் இருக்கும். சிலவற்றில் எல்லாமே நாக்கு வடிவச் சிறுமலர்களாக இருக்கும். கடற்கரை மணலில் ஓடுகொடியாகப் படர்ந்து, இடையிடையே இலைக்கொத்துகளை வைக்கும் எழுத்தாணிப்பூண்டு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. லௌனேயா சார்மென்டோசா எனப்படும் அது இந்தியப் பெருங்கடற் கரைகளுக்கு உரிய நாட்டுச் செடி. அதன் காம்பைக் கிள்ளினால் பால் வடியும். நாக்கின் நுனியில் ஐந்து பற்கள் இருக்கும். மஞ்சள் கரிசலாங்கண்ணியில் பாலும் இல்லை, நடுவட்டு இல்லாமலும் இராது. எனவே இவை இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியில்லை.

நாட்டுச் செடி என்ற சொல்லையும் இங்கே விளக்கிவிட வேண்டும். மனிதர் கொண்டுவந்து சேர்க்காமல், ஒரு நிலப்பகுதியில் இயற்கையாகவே தோன்றியோ பரவியோ நிலைத்து வாழ்ந்துவரும் செடியே அந்த நிலத்தின் நாட்டுச் செடி. நாம் சிறுவயது முதல் பார்த்துப் பழகியிருக்கிறோம் என்பதனாலோ, அதற்கு அழகான தமிழ்ப் பெயர் இருக்கிறது என்பதனாலோ ஒரு செடி நாட்டுச் செடி ஆகிவிடாது. இதற்குத் தாத்தாப்பூவைவிடச் சிறந்த சான்று இல்லை. வெட்டுக்காயப்பூண்டு, கிணற்றடிப்பூண்டு என்றெல்லாம் நாம் அழைக்கும் ட்ரைடாக்ஸ் புரோகம்பன்ஸ் செடி, வெட்டுக்காயத்துக்குக் கசக்கி வைக்கும் அளவுக்கு நம் வாழ்வோடு கலந்துவிட்டது. ஆயினும் அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. மஞ்சள் கரிசலாங்கண்ணியோ இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்காசியா, சீனா, ஜப்பான் வரை இயல்பாக வளரும் ஆசியச் செடி. நமக்கு அது உண்மையான நாட்டுச் செடி.

தாத்தாப்பூவை முதலில் விலக்கிவிடுவோம், அது எளிது. அதன் பூக்காம்பு மிக நீளமானது, ஒரு சாண் வரைக்கும் நிமிர்ந்து நிற்கும். கதிர்ச் சிறுமலர்கள் பெரும்பாலும் ஐந்துதான். அவை வெளிர்மஞ்சளாகவோ வெண்மையாகவோ, குட்டையாக, நுனியில் மூன்று பற்களோடு இருக்கும். இலையின் விளிம்பு ஆழமாக வெட்டியதுபோல் பற்கள் கொண்டது. பூ முற்றியதும் அதன் விதைகள் ஒவ்வொன்றும் இறகுக் குடையோடு காற்றில் பறக்கும். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் விதைக்கு அப்படிப் பறக்கும் இறகு இல்லை. விதையின் தலையில் சிறு கிண்ணம் போன்ற ஒரு விளிம்பு மட்டும் இருக்கும். ஆகவே, ஊதிப் பார்த்துப் பறந்தால் அது நாம் தேடும் செடி அன்று.

உண்மையான இடர் வேறொரு செடியால் வருகிறது. பூங்காக்களிலும், சாலை நடுத்திட்டுகளிலும், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சுற்றுச்சுவர் ஓரங்களிலும் தரையை மூடுவதற்காக நடப்படும் மஞ்சள் பூக் கொடியே அது. நாற்றங்கால்களில் அதை வெடிலியா என்பார்கள். அதன் தாவரவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா. தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும் தென் அமெரிக்காவின் வெப்பப் பகுதிகளும். என் மாடியில் வளர்ந்தது அதுதான்.

பெயரளவில் நேர்ந்த ஒரு குழப்பமே இதற்கு வேர் என்பது என் கருத்து. ஜெர்மனியின் யேனா நகரத்துப் பேராசிரியர் கெயார்க் வொல்ஃப்காங் வெடெல் என்பவரின் நினைவாக வெடேலியா என்று ஒரு பேரினத்துக்குப் பெயர் சூட்டப்பட்டிருந்தது. நம் நாட்டுச் செடியும் அமெரிக்கச் செடியும் நெடுங்காலம் அந்தப் பேரினத்தின்கீழ்தான் இருந்தன. 1996-இல் ஜான் புருஸ்கி என்னும் தாவரவியலார் இரண்டையும் ஸ்பாக்னெட்டிகோலா பேரினத்துக்கு மாற்றினார். எனினும் மூலிகைக் குறிப்புகளில் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு வெடேலியா என்ற பழைய பெயரே இன்றும் காணப்படுகிறது. அதைப் படித்துவிட்டு நாற்றங்காலுக்குப் போய் வெடேலியா கேட்பவருக்கு, அங்கே வெடிலியாவாக வழங்கும் அமெரிக்கக் கொடியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். கொடுப்பவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லிவிட முடியாது. அவருக்குத் தெரிந்த வெடிலியா அது ஒன்றுதான். அந்தப் பழைய பெயர் வேதியியலிலும் ஒரு தடம் பதித்திருக்கிறது: 1956-இல், சென்னை மாநிலக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடைய குழுவினரும் மஞ்சள் கரிசலாங்கண்ணியிலிருந்து பிரித்து அமைப்பைக் கண்டறிந்த சேர்மத்துக்கு வெடெலோலாக்டோன் என்று பெயர். வெள்ளைக் கரிசலாங்கண்ணியிலும் அதே சேர்மம் உண்டு.

இப்போது ஆயா சொன்ன இலைக்கு வருவோம். இரண்டு செடிகளிலும் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே அமைந்திருக்கும். அதில் வேறுபாடு இல்லை. வேறுபாடு வடிவத்தில் இருக்கிறது. மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீண்டு ஒடுங்கியது, ஈட்டி முனையைப் போன்றது. நீளம் பொதுவாக 2 முதல் 7 சென்டிமீட்டர் வரை இருந்தாலும், அகலம் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டரைப் பெரும்பாலும் தாண்டாது. இலை அடிநோக்கிச் சிறுத்துக்கொண்டே வந்து, காம்பு என்று தனியாகச் சொல்ல முடியாதபடி தண்டோடு சேர்ந்துவிடும். விளிம்பு ஏறக்குறைய நேராக ஓடும். சில இலைகளில் ஒன்றிரண்டு சிறு பற்கள் மட்டும் தெரியும். இலையின் இரு பக்கங்களிலும் குட்டையான விறைத்த மயிர்கள் படிந்திருப்பதால், விரலால் தடவும்போது ஒரு சொரசொரப்பை உணரலாம்.

அமெரிக்கக் கொடியின் இலை தடித்தது, சதைப்பற்றானது, மேற்பக்கம் பளபளப்பானது. அகலம் 2 முதல் 5 சென்டிமீட்டர் வரை போகும். விளிம்பில் பற்கள் பெரியவை. இலையின் மேற்பாதியில் இருபுறமும் பக்கத்துக்கு ஒன்றாக மடல்கள் வெளித்தள்ளி நிற்பதால், நுனியோடு சேர்த்து மூன்று மடல்கள் கொண்டதுபோல் தோன்றும். ட்ரைலோபேட்டா என்ற சொல்லுக்கு மூன்று மடல் உடையது என்பதே பொருள். பெயரிலேயே அடையாளத்தை வைத்திருக்கிறார்கள். கேலண்டுலேசியா என்ற சொல்லோ கேலண்டுலா என்னும் மேனாட்டுச் சாமந்தி வகையைப் போன்றது என்று, பூவைப் பற்றித்தான் சொல்கிறது. ஒரு பெயர் இலையைச் சொல்லி நமக்கு உதவுகிறது, மற்றது பூவைச் சொல்லிக் கைவிட்டுவிடுகிறது.

இலையைப் பார்ப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். அமெரிக்கக் கொடியின் எல்லா இலைகளிலும் மடல்கள் தெளிவாக இருப்பதில்லை. கொழுந்து இலைகளிலும், பூவை ஒட்டிய சிறிய இலைகளிலும் மடல் தெரியாமல் போகலாம். அவற்றை மட்டும் பார்த்து நாட்டுச் செடி என்று முடிவு செய்தால் தவறிவிடும். ஆகையால் கொடியின் நடுப்பகுதியில், நன்கு முதிர்ந்த ஐந்து கணுக்களையாவது தேர்ந்தெடுத்து, பத்து இலைகளையும் பார்க்க வேண்டும். பத்தில் ஒன்றில்கூட மடல் இல்லாமலும், நீளம் அகலத்தைப்போல் மூன்று, நான்கு மடங்கு இருந்தும், தடவினால் சொரசொரப்பாகவும் இருந்தால், அது மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நம்பலாம். அடையாளங்களில் ஒன்று மட்டும் பொருந்தி மற்றவை முரண்பட்டால் முடிவைத் தள்ளிவைப்பதே முறை.

பூவின் அளவு உதவாதா என்று சிலர் கேட்பார்கள். நாட்டுச் செடியின் தலை பொதுவாக 2 முதல் இரண்டரை சென்டிமீட்டர் அகலம் இருக்கும். அமெரிக்கச் செடியின் தலை சற்றுப் பெரிதாக, நாக்குகள் அகலமாக இருக்கும். ஆனால் இரண்டின் அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. நிழலில் வளர்ந்த அமெரிக்கக் கொடியின் பூ சிறுத்தும் போகலாம். இரண்டிலும் தலை தனித்தனியாக நீண்ட காம்பில்தான் நிற்கும். இரண்டிலும் நாக்கு நுனியில் பற்கள் இருக்கும். பூவை மட்டும் படம் பிடித்துக் கைப்பேசிச் செயலியிடம் கேட்பவர்களுக்கு மாறுபட்ட விடைகள் வருவதில் வியப்பில்லை. படம் எடுப்பதாயிருந்தால், பூவை மேலிருந்தும் பூவடிச் செதில்கள் தெரியப் பக்கவாட்டிலும் எடுத்துக்கொண்டு, பிறகு முதிர்ந்த இலை இணை ஒன்றைத் தட்டையாக விரித்து, அருகில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துக் கட்டாயம் எடுக்க வேண்டும். அந்த நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர் என்பதால், இலையின் அகலத்தைப் பின்னர் வீட்டில் உட்கார்ந்தே கணக்கிட்டுவிடலாம்.

எங்கே தேடுவது என்பதும் அடையாளத்தில் ஒரு பகுதிதான். வடசென்னையில் கிழக்கிலிருந்து மேற்காகப் போனால் நிலம் விரைவாக மாறும். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரை கடலோர மணல். அதற்கு உள்ளே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாற்றின் கழிமுகமும், உமரி வளரும் உப்புச் சேறும். இன்னும் மேற்கே போனால் மாதவரம், ரெட்டேரி, கொரட்டூர், புழல் என்று ஏரிகள். வடக்கே மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் வயல்கள் இன்னும் இருக்கின்றன. மஞ்சள் கரிசலாங்கண்ணி ஈரத்தை விரும்புவது. வயல் வரப்பு, வாய்க்கால் ஓரம், ஏரிக்கரையின் உட்சரிவு, நீர் கசியும் மணற்பாங்கான தாழ்நிலம் ஆகிய இடங்களில் அதைத் தேடலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, வரப்புகள் இன்னும் காயாமல் இருக்கும் தை, மாசி மாதங்கள் இதற்கு ஏற்றவை. வறண்ட தெருவோரத்திலும் இருப்புப்பாதைச் சரளையிலும் வெளிர்மஞ்சளாகத் தெரிவது பெரும்பாலும் தாத்தாப்பூ. யாரோ வரிசையாக நட்டுவைத்ததுபோல் தரை முழுவதையும் இடைவெளியின்றி மூடியிருப்பது பெரும்பாலும் அமெரிக்கக் கொடி. ஆனால் அந்தக் கொடி உப்பையும் ஈரத்தையும் நிழலையும் ஒருங்கே தாங்கக்கூடியது. எனவே கால்வாய் ஓரத்தில் இருப்பதனால் மட்டும் அது நாட்டுச் செடி என்று சொல்லிவிட முடியாது. இடம் ஒரு குறிப்புத்தான், கடைசித் தீர்ப்பு இலையிடம்தான்.

சரியாக அடையாளம் கண்டுவிட்டோம் என்பதற்காக அங்கேயே பறித்துச் சமைத்துவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எண்ணூர்ப் பகுதியின் நீரோட்டங்கள் நிலக்கரிச் சாம்பலையும் ஆலைக் கழிவையும் சுமந்தவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் படர்ந்ததை நாம் கண்ணால் கண்டோம். அந்த மண்ணில் வேர் ஊன்றிய கீரையில் என்ன கலந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. கற்பதற்கு அந்தக் கரைகள் நல்ல பள்ளிக்கூடம். உண்பதற்கு வேண்டிய செடி வீட்டுத் தொட்டியில் நல்ல மண்ணில் வளரட்டும். மஞ்சள் காமாலைக்குச் சித்த மருத்துவத்தில் இதை வழங்குவது உண்டு என்பதைக் கேட்டுத் தாமாக மருந்து செய்துகொள்வதும் தகாது. நோய்க்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

தொட்டியில் வளர்ப்பது கடினமே அன்று. ஆயா அன்று கொடுத்த கொத்திலிருந்து, இரண்டு கணுக்கள் கொண்ட ஒரு துண்டை வெட்டி, ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி புதைத்து, மண் காயாமல் நீர் ஊற்றி வந்தேன். சில நாள்களில் வேர் பிடித்துவிட்டது. பழைய அமெரிக்கக் கொடியை அதே மாடியில் வைத்திருக்க மனம் வரவில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தொகுத்த, உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. தென்சீனாவில் இவ்விரு செடிகளும் கலந்து ஒரு கலப்பினமே உருவாகியிருக்கிறது. அதன் இலை இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருப்பதால், இரண்டும் அடுத்தடுத்து வளரும் இடத்தில் அடையாளம் காண்பதும் கடினமாகிவிடும். அமெரிக்கக் கொடியைப் பிடுங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் ஒவ்வொரு கணுவும் ஈரம் பட்டால் மீண்டும் வேர் விடும். எனவே பிடுங்கிய கொடியைக் கால்வாயிலோ காலிமனையிலோ வீசாமல், சிமெண்டுத் தளத்தில் பரப்பி, தண்டை ஒடித்தால் சருகாக நொறுங்கும் வரை வெயிலில் காயவிட்டு, அதன் பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும். என் மாடியில் பங்குனி வெயிலில்கூட அதற்குப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று.